டிக்கியில் லொட லொட: உங்களுக்கு எங்கே இருந்து வந்தது?

ரெண்டு மாசமா டிக்கிப் பக்கம் லொட லொடன்னு ஒரே சத்தம். ஏழு வருஷத்து ஹேட்ச்பேக். ஒர்க்‌ஷாப்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு சார்"னாங்க. எனக்கு மனசு ஒப்பலை. ஆயில் கசிவு இல்லை, வண்டி குதிக்கவும் இல்லை.

ஞாயித்துக்கிழமை டிக்கியைக் காலி பண்ணினேன். குடை, தண்ணி கேன், எந்தக் கோயில்ல வாங்கினதுன்னே தெரியாத ஒரு தேங்காய், ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் வெளிய. அப்புறமும் தெருமுனை ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்கினா அதே லொட லொட.

மச்சினனைப் பின்னாடி உட்கார வெச்சு, நடை வேகத்துல ஓட்டினேன். அவன் ஒவ்வொரு இடமா கையால அழுத்திக்கிட்டே வந்தான். பார்சல் ட்ரே, சைடு பிளாஸ்டிக், ஒண்ணும் இல்லை. டிக்கிக் கதவோட இடது ஓரத்தை அழுத்தினதும் சத்தம் கப்புனு நின்னுடுச்சு.

கதவு ஓரத்துல ரெண்டு பக்கமும் கட்டைவிரல் அளவுக்கு ரப்பர் புஷ் இருக்கு. ஒரு பேப்பரை இடையில வெச்சுக் கதவை மூடி இழுத்தேன். வலது பக்கம் இறுக்கிப் பிடிச்சது. இடது பக்கம் வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. அந்தப் புஷ்ஷை ரெண்டு சுத்து வெளிய திருகினேன், சத்தம் போயிடுச்சு. செலவு, மச்சினனுக்கு டீயும் வடையும்.

*

எனக்கு வேற கதை சார். நான் தனியா ஆபீஸ் போனா சத்தம், குடும்பத்தோட போனா இல்லை. "உங்க காதுலதான் கோளாறு"ன்னு வீட்டுக்காரம்மா முடிவே கட்டிட்டாங்க. கடைசில பார்த்தா பின் சீட்டு சாய்மானத்தோட லாக். ஆள் சாய்ஞ்சா இறுகிக்குது, காலியா இருந்தா ஆடுது. லாக் மாட்டுற கம்பில துணி டேப் ரெண்டு சுத்து. அவ்வளவுதான்.

*

டாக்சி ஓட்டுறேன் அண்ணே. பஞ்சர் ஒட்டினதுக்கு அப்புறம் சத்தம் வந்தா முதல்ல ஸ்டெப்னி நடுவுல இருக்கிற நட்டைப் பாருங்க, பாதிப் பேர் கையால சும்மா திருகி விட்டுடுவாங்க. ஜாக்கியையும் அதோட இடத்துல வெச்சு, திருகைக் கொஞ்சம் விரிச்சு விட்டா ஆடாது. ஸ்பேனருக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும்.

*

ஒண்ணு மட்டும் சொல்றேன். வண்டி நிக்கும்போதே ஆக்சிலரேட்டர் மிதிச்சா கடகடன்னு வருதா? அது டிக்கி இல்லை, அடியில சைலன்சர் தொங்குற ரப்பரோ, மேல இருக்கிற தகடோ. பள்ளத்துல ஒரு பக்கம் மட்டும் டொக் டொக்னு அடிச்சா டேப் ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க, லிஃப்ட்ல ஏத்தி அடியில சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் பார்க்கச் சொல்லுங்க.

*

டாக்சி அண்ணே, நீங்க சொன்னதுக்காக இப்பதான் டிக்கியைத் திறந்து பார்த்தேன். நட்டு இறுக்கமாத்தான் இருக்கு. ஆனா டயர் கையால அமுக்கினாலே உள்ள போகுது. அன்னிக்குத் தூக்கி வெளிய வெச்சேன், திருப்பி உள்ள வெச்சேன், காத்து இருக்கான்னு பார்க்கத் தோணலை!