ஜம்ப் இல்லாத கேம்ல ஒரு துக்கடா கட்டை

உங்கள ரொம்ப படுத்துன கேம் எதுன்னு எல்லாரும் சொல்லிட்டீங்க, என் கதையையும் கேளுங்க. ப்ரவுசர்லயே கேம் ஓட வச்ச ஃப்ளாஷ் உயிரோட இருந்த காலம், ஆபீஸ்ல மத்தியானம் சாப்டுட்டு வந்து ஒரு பத்து நிமிஷம் ப்ரவுசர்ல ஏதாச்சும் கேம் ஆடுறது பழக்கம். அப்டி மாட்டுனதுதான் விவிவிவிவிவி. டைப்பிங் மிஸ்டேக் இல்லங்க, பேரே ஆறு வி தான். டெரி கவானான்னு ஒரு கேம் டெவலப்பர் 2010-ல விட்டது. டெமோவ பாத்துட்டு பக்கத்து சீட்டுக்காரன் "என்னடா இது, எங்க தாத்தா காலத்து கேமா"ன்னு கேட்டான். அவன சொல்லி குத்தமில்ல, கமடோர் 64-ங்கிற எண்பதுகளோட வீட்டு கம்ப்யூட்டர்ல ஓடுற கேம் மாதிரி தெரியணும்னு வேணும்னே செஞ்சதுதான். ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரு ரூம், கீழ ரூமுக்கு ஒரு குசும்பு பேரு.

இதுல ஜம்ப் கிடையாது. ஸ்பேஸ் தட்டுனா க்ராவிட்டி தலகீழாயிடும், நம்ம கேப்டன் விரிடியன் கூரைல போய் ஒட்டிக்குவாரு, மறுபடி தட்டுனா தரை. பாதி வழில திருப்பவும் முடியாது, எங்கயாவது கால் பட்டாத்தான் அடுத்த தட்டு.

அப்புறம் காசு குடுத்து ஃபுல் கேம் வாங்குனேன், அதுல வெனி விடி விசின்னு ஒரு எடத்துல போய் சிக்குனேன். ஆடுனவங்களுக்கு தெரியும். தரைல முழங்கால் உசரத்துக்கு ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு ட்ரிங்கெட், அதாவது நாம பொறுக்கி சேக்க வேண்டிய பளபள சாமான், மினுக்கிக்கிட்டு இருக்கு. வேற எந்த கேம்னாலும் ஒரு எட்டுல தாண்டிடலாம். இங்க அந்த கட்டைய தாண்ட, மேல பல ரூம் முள்ளுக்கு நடுவுல லெஃப்ட் ரைட்னு வளைஞ்சு பறந்து போயி, உச்சில திரும்பி, அதே முள்ளு வழியா அவ்ளோ தூரமும் கீழ விழுந்து, கட்டைக்கு அந்தப் பக்கமா வந்து எறங்கணும். முள்ளு பட்டா மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு செத்துட்டு உடனே பழைய எடத்துலயே நிப்பாரு. நான் மூணு நாள் லஞ்ச் டைம அதுக்கு தாரை வாத்தேன். ஒரு தடவ கடைசி ரூம் வரைக்கும் விழுந்து வந்துட்டேன், அந்த நேரம் பாத்து மேனேஜர் தோளத் தட்டுனாரு, விரல் ஆடிருச்சு, போச்சு.

ஆனாலும் கேம் மேல கோவமே வரல, ஏன்னா லைஃப் கணக்கே இல்ல, எத்தன தடவ செத்தாலும் ஒரு செகண்டுல திரும்ப ஆடலாம். கேம் ஓவர் போர்டு கூட வராது. (சைடுல ஒண்ணு: 2020-ல இந்த கேமோட சோர்ஸ் கோட, அதாவது எழுதுன ப்ரோக்ராம, வெளில விட்டாங்க, உள்ள "இந்த நம்பர்னா இத செய்"னு கேஸ் கேஸா போடுற ஒரே ஸ்விட்ச் ஸ்டேட்மெண்ட்ல நம்பர் 4099 வரைக்கும் போகுது. என் கோட் ரிவ்யூல திட்டு வாங்குறப்பல்லாம் அத நெனச்சுக்குவேன்.)

விவிவிவிவிவியோட பூர்வீகம் என்னான்னு தேடித்தான் மேனிக் மைனர்ங்கிற பழைய கேம் பக்கம் போனேன், மேத்யூ ஸ்மித் 1983-ல 48கே மெமரி உள்ள ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டு கம்ப்யூட்டருக்கு எழுதுனது, இப்ப அந்த மெஷின் மாதிரியே நடிக்குற எமுலேட்டர்ல ப்ரவுசர்லயே ஓடுது. அங்கயும் ஒரு குகை ஒரு ஸ்க்ரீன், கீழ பேரு. ஆனா மூணே உசுரு, மூச்சு விடுற காத்து வேற கொறைஞ்சுக்கிட்டே வரும், குதிச்சா காத்துல தெச மாத்த முடியாது, மூணும் போச்சுன்னா மேலேருந்து ஒரு பூட்ஸ் எறங்கி நம்ம ஹீரோ மைனர் வில்லிய அப்டியே நசுக்கும். திரும்ப மொத குகை. மொத்தம் இருபது குகையாம். நான் இன்னும் மூணாவதுல நிக்குறேன்.