வீட்டு ஓக் மரத்துல வண்டு ஓட்டை, மருந்து அடிச்சா பிழைக்குமா?

சான்டாசுந்தர்:
வணக்கம் மக்களே, கலிபோர்னியால சான்டா கிளாரிட்டா பக்கம் இருக்கோம், வீட்டுக்குப் பின்னாடி பெரிய கோஸ்ட் லைவ் ஓக் ஒண்ணு நிக்குது. அடிமரத்துப் பட்டையில இப்ப சின்னச் சின்ன ஓட்டை, ஒரு பக்கம் தட்டையா ஆங்கில D எழுத்து ஷேப்புல. மரங்கொத்தி வேற பட்டையைக் கொத்திக் கொத்தி உதிர்க்குது, உள்ள செங்கல் கலர்ல தெரியுது. உச்சியில இலை லேசா கம்மியான மாதிரி இருக்கு, என் பிரமையான்னு தெரியல. ஓக் மரத்தைத் துளைக்கிற கோல்ட்ஸ்பாட்டட் ஓக் போரர்ங்கிற வண்டா இருக்கும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். வெட்டித்தான் ஆகணுமா?

பேராவூரணி:
ஊர்ல தென்னையில காண்டாமிருக வண்டை கம்பி விட்டு குத்தி எடுப்போம்ல, அதையே பண்ணுங்க தம்பி. அப்புறம் வேப்பெண்ணெய் ஊத்தி களிமண் வச்சு அடைச்சிடுங்க, செலவே இல்ல.

மரமண்டை:
அண்ணே அது தென்னைக்கு சரி, காண்டாமிருக வண்டு குருத்துக்குள்ளயே உக்காந்திருக்கும், கம்பில மாட்டும். இங்க அந்த D ஓட்டை வண்டு வெளிய பறந்து போன வழி, அடைச்சு என்ன பிரயோஜனம்? மரத்தைக் கொல்றது புழுதான், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல தின்னுக்கிட்டே போயி சத்து ஓடுற பாதையை அறுத்துடும், அதான் உச்சி காயுது.

சுந்தர், அறிகுறி எல்லாமே போரர்னுதான் சொல்லுது. தென்கிழக்கு அரிசோனா பூச்சி இது, 2004ல சான்டியேகோ கவுண்டில பொறியில மாட்டுச்சு, ஓக் மரங்க சாகறதுக்கு இதான் காரணம்னு 2008லதான் புரிஞ்சது. உங்க லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டில க்ரீன் வேலிங்கிற ஊர்ல 2015லயே கண்டுபிடிச்சாச்சு.

மேல முக்காவாசி இலை நல்லா இருந்தா காப்பாத்த சான்ஸ் இருக்கு, பாதிக்கு மேல காஞ்சிருந்தா மருந்து காசு வேஸ்ட், ஏன்னா பாதை அறுந்த மரத்துல ஊசி மருந்து மேலயே ஏறாது. வண்டு மே மாசத்துல இருந்து பறக்கும், அதுக்கு முன்னாடி அடிமரத்துலயும் பெரிய கிளையிலயும் பைஃபென்த்ரின் மாதிரி மருந்து ஸ்ப்ரே பண்ணணும், வருஷா வருஷம். இல்லன்னா எமாமெக்டின்ங்கிற பூச்சி மருந்தை மரத்துக்குள்ள ஊசியா போடணும். ரெண்டுமே லைசென்ஸ் உள்ள ஆளை வச்சு பண்ணுங்க, ஏணி போட்டு நீங்களே ஏறாதீங்க. பாவமேன்னு கோடையில அடியில தண்ணியும் கட்டாதீங்க, இந்த ஓக்குக்கு வேர் அழுகிடும்.

சான்டாசுந்தர்:
ரொம்ப நன்றிங்க. முக்காவாசிக்கு மேலயே பச்சையாதான் இருக்கு. இன்னொண்ணு, பக்கத்து வீட்டுக்காரர் ஓக் விறகு லோடு ஒண்ணு வாங்கி எங்க வேலி ஓரமா அடுக்கி வச்சிருக்கார், அதுல இருந்து வந்திருக்குமோ?

ஐடில்வைல்ட்குளிர்:
வரலாம். எங்க மலைக்கு 2012ல வந்ததும் விறகுலதான்னு பேச்சு. வெட்டுன கட்டைக்குள்ளயும் புழு வளர்ந்து வண்டா வெளிய வரும், பட்டை ஒட்டியிருக்கிற கட்டைதான் டேஞ்சர். ரெண்டு வருஷம் கெட்டி தார்ப்பாய் போட்டு ஓரமெல்லாம் மண்ணுல புதைச்சு மூடணும், இல்லன்னா மூணு இஞ்சுக்கும் சின்னதா சிப்பர்ங்கிற மரம் அரைக்கிற மெஷின்ல அரைக்கணும். சண்டை போடாம தார்ப்பாயை நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க, ஒரு வருஷ ஸ்ப்ரே செலவை விட கம்மிதான். கடைசியில வெட்ட வேண்டி வந்தாலும் சிட்டி பர்மிட் இல்லாம ஓக்ல கை வைக்காதீங்க.

பேராவூரணி:
அப்ப வேப்பெண்ணெயை தலைக்கே தேச்சுக்கிறேன் 😄