ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் நல்லா எழுதுனா க்ரெடிட் குடுப்பாங்களா? (சேலம், யூஎஸ் யூஜி)

செவ்வாப்பேட்டை_பையன்:
வணக்கம்ங்க. ஆகஸ்ட்ல யூஎஸ் போறேன், ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ், விசாவுக்கு காலேஜ் தர்ற ஐ-20 ஃபார்மும் வந்தாச்சு. இப்ப அட்வைசர் மெயில் போட்ருக்காங்க, கோர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி அலெக்ஸ்னு ஒரு மேத்ஸ் டெஸ்ட் வீட்லருந்தே எழுதணுமாம். அப்பா மண்டில கணக்கு பாக்கறவரு, ஒரு க்ரெடிட்டுக்கு இவ்ளோ டாலர்னு ஃபீஸ் ஷீட்ல பாத்ததுலருந்து "நீதான் +2 கணக்குல 98 எடுத்தியே, அத காட்டி ஒரு செமஸ்டர கழிச்சுக்க சொல்லு"ன்னு டெய்லி காலைல ஆரம்பிச்சிடறாரு. ஸ்டேட் போர்டு மார்க்குக்கு க்ரெடிட் உண்டா? டெஸ்ட்ல நல்ல ஸ்கோர் வந்தா கால்குலஸ் 1 க்ரெடிட் சேந்துடுமா?

அஸ்தம்பட்டி_அக்கா:
தம்பி, அப்பா கேக்கறது நியாயம்தான், ஆனா அது வேற இது வேற. ப்ளேஸ்மென்ட்ங்கறது உன்ன எந்த க்ளாஸ்ல உக்கார வைக்கலாம்னு பாக்கறது, அவ்ளோதான். க்ரெடிட்ங்கறது டிகிரி கணக்குல ஏறுறது, பேச்சிலர்ஸுக்கு பெரும்பாலும் 120 வேணும். அலெக்ஸ்ல நல்லா வந்தா நேரா கால்குலஸ்ல உக்காரலாம், ப்ரீகால்குலஸ் எடுத்து காசும் ஒரு செமஸ்டரும் போகாது, லாபம் அதுதான், 120ல ஒண்ணும் குறையாது. ஸ்டேட் போர்டோ சிபிஎஸ்இயோ, +2வ அங்க ஹைஸ்கூல் முடிச்ச மாதிரிதான் எடுத்துக்கறாங்க, அதனால 98க்கும் பொதுவா க்ரெடிட் வராது. ஏபின்னு அமெரிக்கால ஸ்கூல் பசங்க எழுதற காலேஜ் லெவல் எக்ஸாம் எழுதிருந்தா வந்திருக்கும், ஸ்கோர் 5க்கு, சில இடத்துல 3 போதும், சில இடத்துல 4, 5 கேப்பாங்க. அது மே மாசம் மட்டும்தான் நடக்கும், உனக்கு இப்ப டைம் இல்ல.

ஒண்ணு கேட்டு பாரு, டிபார்ட்மென்ட் சேலஞ்ச் எக்ஸாம் வைக்குதான்னு. கோர்ஸோட ஃபைனல் மாதிரி ஒரு பேப்பர், பாஸ் பண்ணா நிஜமாவே க்ரெடிட், எல்லா இடத்துலயும் இருக்காது. லாங்குவேஜ் ரிக்வயர்மென்ட் இருந்தா, தமிழ் பாடமா படிச்ச மார்க்‌ஷீட்ட காட்டி பல இடத்துல விலக்கு வாங்கலாம், அதுக்கும் க்ரெடிட் தர மாட்டாங்க, ஆனா ஸ்பானிஷ் 1 எடுக்க வேண்டிதில்ல.

கூகுள்_குரு:
எதுக்கு இவ்ளோ டென்ஷன், வீட்லதான எழுதற, பக்கத்துல ஃபோன் வச்சுக்க ப்ரோ.

அஸ்தம்பட்டி_அக்கா:
@கூகுள்_குரு என் ரூம்மேட் அதத்தான் பண்ணா. தொண்ணூறு சொச்சம் வந்து நேரா கால்குலஸ்ல போய் உக்காந்தா, நாலாவது வாரம் டிராப் பண்ண போனா இன்டர்நேஷனல் ஆஃபிஸ்ல விடல, எஃப்-1 ஸ்டூடன்ட் விசால யூஜிக்கு ஒரு செமஸ்டர்ல 12 க்ரெடிட்டுக்கு கீழ போக கூடாதே, அவகிட்ட சரியா 12தான் இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு கிச்சன்ல உக்காந்து இன்டெக்ரேஷன் போட்டுட்டு அழுவா. நிறைய யுனிவர்சிட்டில ப்ராக்டரிங்கும் உண்டு, கேமரால ரூம சுத்தி காட்ட சொல்லுவாங்க.

ஏற்காடு_காப்பி:
நான் மேல ஏற்காட்டுல போர்டிங்ல ஏ லெவல், அதாவது பிரிட்டிஷ் சிலபஸ் +2, படிச்சவன். எங்களுக்கு சில சப்ஜெக்ட்டுக்கு க்ரெடிட் கிடைச்சுது, ஸ்கூல் குடுத்த ஜெராக்ஸ் எடுக்கல, போர்டுலருந்து ரிசல்ட் நேரா போகணும்னாங்க. ஸ்டேட் போர்டு பசங்களுக்கு அந்த வழி கிடையாது, வயித்தெரிச்சல்தான். அலெக்ஸ் பத்தி: அதிகபட்சம் 30 கேள்வி, அடுத்தது உன் பதிலுக்கேத்த மாதிரி மாறும், போன கேள்விக்கு திரும்ப போக முடியாது, பெரும்பாலும் சாய்ஸ் இருக்காது, விடைய நீயே டைப் பண்ணணும். சொந்த கால்குலேட்டர் ஆகாது, தேவப்படறப்ப ஸ்க்ரீன்லயே வரும். நமக்கு கால்குலஸ் தெரியும், ஆனா லாக், பின்னம், ட்ரிக்னாமெட்ரிதான் துருப்பிடிச்சு கெடக்கும், +1 புக்க எடுத்து அத மட்டும் தேய். ஒரு தடவ எழுதி முடிச்சா எங்க ஓட்டைன்னு காட்டி ப்ராக்டிஸ் மாட்யூல் தருவாங்க, அத போட்டுட்டு திரும்ப எழுதலாம். நான் மொத தடவ மலைல உக்காந்து எழுதி பதினெட்டாவது கேள்வில மழை, கரன்ட் கட், நெட்டும் போச்சு. ரெண்டாவது தடவ 20 ஹேர்பின்னும் எறங்கி ஃபேர்லேண்ட்ஸ்ல மாமா வீட்ல, யூபிஎஸ் இருக்கற ரூமா பாத்து எழுதுனேன்.

செவ்வாப்பேட்டை_பையன்:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, அண்ணா. அப்பாகிட்ட படிச்சு காட்டுனேன். "அப்ப அந்த சேலஞ்ச் எக்ஸாமுக்கு ஃபீஸ் எவ்ளோன்னு கேளு"ங்கறாரு.