மூன்று மொழியில் கடைத்தளம்: கூகுளில் ஆங்கில முகப்பு மட்டுமே தெரிகிறது

கேட்டவர்: குமுளி ஏலக்கடை

அனைவருக்கும் வணக்கம். குமுளியில் எங்கள் குடும்பத்தார் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடை நடத்தி வருகிறோம்; வண்டன்மேட்டுப் பக்கம் சிறிய தோட்டமும் உண்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் சென்று திரும்பும் தமிழ்நாட்டுப் பக்தர்கள் கடையில் வாங்கிப் போவதோடு, ஊருக்குச் சென்ற பிறகும் அனுப்பி வைக்கச் சொல்லித் தொலைபேசியில் கேட்பதால், இணையதளம் ஒன்றைத் தொடங்கினோம். வாடிக்கையாளர்களில் மதுரை, சென்னைக்காரர்களும் கோட்டயம், எர்ணாகுளத்துக்காரர்களும் கலந்திருப்பதால், தளம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து திறந்தால் தமிழிலும், கேரளத்திலிருந்து திறந்தால் மலையாளத்திலும், வேறெங்கிருந்து திறந்தாலும் ஆங்கிலத்திலும் தானாகவே தோன்றும். வேண்டுமானால் மேலே உள்ள பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

கடையின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் கூகுளில் முகப்புப் பக்கம் வருகிறது. ஆனால் 'குமுளி ஏலக்காய்', '8 மி.மீ. ஏலக்காய் விலை' என்று தமிழில் தேடினால், எத்தனை பக்கம் புரட்டினாலும் நாங்கள் இல்லை. மலையாளத்திலும் இதே நிலைதான். தளத்தை அமைத்துக் கொடுத்தவர், சைட்மேப் (தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குக் காட்டும் பட்டியல்) கொடுத்தாயிற்று, கீவேர்ட்ஸ் (தேடுசொற்கள்) பட்டியலும் நிறையச் சேர்த்தாயிற்று, இனி வெளித்தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்கினால்தான் முன்னுக்கு வரும் என்கிறார். அவர் காட்டிய நிறுவனம் ஒரே வாரத்தில் முதல் பக்கம் என்று உறுதியளிக்கிறது. பணம் கட்டலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: கொழிஞ்சாம்பாறை

பணம் கட்டாதீர்கள். கூகுளின் தேடல் முடிவுகளில் சேருவதற்குக் கட்டணமே கிடையாது. விளம்பரம் என்பது வேறு கணக்கு. தரவரிசைக்காக இணைப்புகளை விற்பதும் வாங்குவதும் கூகுளின் விதிகளுக்கு முரணானவை என்பதால், காசும் போய்ப் பெயரும் கெடலாம். பக்கத்தின் நிரலுக்குள் எழுதும் கீவேர்ட்ஸ் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதை ஒரு வேலையாகக் காட்டுகிறவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பக்கங்கள் பின்தங்கி நிற்கவில்லை, பட்டியலிலேயே சேரவில்லை. பொத்தானை அழுத்தி மொழியை மாற்றும்போது மேலே முகவரிப் பட்டையில் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்து வருகிறது. எனக்கு இந்த மொழி வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஒரு பக்கத்தில் வாங்கிய குக்கியை (வந்தவரின் தேர்வை நினைவில் வைக்கத் தளம் கொடுக்கும் சிறு குறிப்பை) அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வதும் இல்லை. ஆகவே அது எப்போது வந்தாலும் உங்கள் தளம் அதற்கு ஆங்கிலத்தையே நீட்டும். தமிழும் மலையாளமும் அதன் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

செய்ய வேண்டியது, ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி கொடுப்பது. தளத்தின் பெயருக்குப் பின்னால் தமிழுக்கு 'டிஏ', மலையாளத்துக்கு 'எம்எல்', ஆங்கிலத்துக்கு 'இஎன்' என்று மூன்று கிளைகள் பிரித்தால் போதும். மொழிப் பொத்தான், ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் இயங்கும் பொத்தானாக இல்லாமல், அந்தந்த முகவரிக்குப் போகும் உண்மையான இணைப்பாக இருக்க வேண்டும். இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் கூகுள்பாட் அடுத்த பக்கத்துக்குப் போகிறது, அது பொத்தானை அழுத்திப் பார்ப்பதில்லை. பிறகு, அதே பக்கத்தின் மற்ற மொழி வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறிப்புகளைச் சேருங்கள். தமிழ்ப் பக்கம் மலையாளப் பக்கத்தைச் சுட்டினால், மலையாளப் பக்கமும் திரும்பத் தமிழைச் சுட்ட வேண்டும். ஒருதலையாக இருந்தால் கூகுள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம்.

இடத்தைப் பார்த்துத் தானாக மொழி மாற்றும் ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். எல்லை ஊரில் நம் கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பது நமக்கே தெரியாது. வேலந்தாவளத்தில் நிற்பவருக்கு எந்த மொழி வேண்டும் என்று கணினி எப்படித் தீர்மானிக்கும்?

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்ற வசதி இருக்கிறது. அதில் முகப்பின் முகவரியைக் கொடுத்து, கூகுள் எடுத்துச் சென்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் சொல்வது சரியா தவறா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பதில்: நகரி நெசவு

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்துச் சேலைக் கடைகளின் தளங்கள் பலவற்றில் தமிழும் தெலுங்கும் படமாகவே இருக்கின்றன. விலை, அளவு, விவரம் எல்லாம் ஒரே சுவரொட்டிக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு அழகுதான், ஆனால் தேடுபொறி அதை எழுத்தாகக் கருதாது. உங்கள் தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்று பொருள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் அதைத் தேட வழியில்லை.

கேட்டவர்: குமுளி ஏலக்கடை

இருவருக்கும் மிக்க நன்றி. முகவரிப் பட்டையில் எதுவும் மாறவில்லை. சர்ச் கன்சோலில் திறந்து பார்த்தபோது, கொழிஞ்சாம்பாறை ஐயா சொன்னபடியே முழுக்க ஆங்கிலமாக இருந்தது. தமிழ் விவரங்கள் யூனிகோடில்தான் இருக்கின்றன. ஆனால் அன்றாட விலைப்பட்டியல், வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் செய்யும் படத்தையே தளத்திலும் போடுவது. விலைக்கு நாள்தோறும் ஒரு புதிய பக்கம் போட்டால் நல்லதா? முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா? கார்த்திகைக்குள் தெரிய வந்துவிடுமா?

பதில்: கொழிஞ்சாம்பாறை

நாள்தோறும் புதிய பக்கம் வேண்டாம். தேதியும் நான்கு எண்களும் மட்டும் மாறுகிற பக்கங்கள் குவிந்தால், அவற்றை வாசித்துவிட்டும் சேர்க்காமல் ஒதுக்கவே வாய்ப்பு அதிகம். சர்ச் கன்சோலில் 'க்ரால்டு, கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு' என்று வருவது அதுதான். விலைக்கென்று நிலையான ஒரே பக்கத்தை வைத்து, 7 மி.மீ., 8 மி.மீ. என ரகவாரியாக அட்டவணையை எழுத்தில் போட்டு, அதையே புதுப்பித்து வாருங்கள். கீழே முந்தைய நாள்களின் விலையும் இருந்தால் வாங்குபவருக்கும் பயன்படும். போடியில் ஏலம் போன விலைக்கும் உங்கள் சில்லறை விலைக்கும் ஏன் வேறுபாடு வருகிறது என்று நீங்களே நான்கு பத்தி எழுதிச் சேர்த்தால், வேறெந்தத் தளத்திலும் கிடைக்காத பக்கமாக அது ஆகிவிடும்.

தமிழ் முகவரிக்குக் கூகுளில் தடையில்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது 'க' என்ற ஓர் எழுத்தே விழுக்காட்டுக் குறிகளோடு 9 குறியீடுகளாக நீளும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் கடை என்பதால், ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே உங்களுக்கு வசதி என்பது என் கருத்து.

புதிய முகவரிகளை சைட்மேப்பில் சேர்த்த பிறகு, முக்கியமான சில பக்கங்களுக்கு மட்டும் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் பட்டியலில் சேர்க்கும்படி கோரிக்கை வையுங்கள். சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். கூகுள் எந்தப் பக்கத்துக்கும் உறுதி கொடுப்பதில்லை. அதனால் கார்த்திகைக்கு என்றால் இப்போதே தொடங்கிவிடுங்கள்.

பதில்: செங்கோட்டைக்காரர்

தளத்தைச் சரிசெய்வது நல்லதுதான், ஆனால் சபரிமலைப் போக்குவரத்தை நம்பும் கடைக்கு அதைவிட முந்திப் பயன்படுவது வரைபடத்தில் இடம்பிடிப்பது. கம்பத்திலிருந்து மலையேறி வருகிறவர் வண்டியில் உட்கார்ந்தபடியே அருகில் உள்ள ஏலக்காய்க் கடையைத் தேடினால், தளங்களுக்கு முன்னால் வரைபடத்தில் உள்ள கடைகளே தோன்றும். அதற்குக் கடையைப் பதிவு செய்யும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். கடை உங்களுடையதுதான் என்று நிறுவக் கூகுள் கேட்கும். பெயர்ப்பலகையும் கடையின் உட்புறமும் தெரியும்படி காணொளி எடுத்து அனுப்பும்படி இருக்கலாம். பலகையில் உள்ள பெயரையே அப்படியே கொடுங்கள். பெயரோடு 'சிறந்த ஏலக்காய் மலிவு விலை' என்று ஒட்டவைப்பது விதிமீறல். யாராவது புகார் செய்தால், சீசன் நடுவில் பக்கம் முடக்கப்படும் நிலை வரலாம்.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கையும் விட்டுவிடாதீர்கள். பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோல் விவரங்களை அப்படியே இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதால், எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து நிரப்ப வேண்டியதில்லை.