பீகிள்போன் பிளாக்கில எஸ்2 அமத்தி ரீசெட் தட்டினா கார்டில பூட் ஆகுமா? ஆகாது!

சாம்பல்தீவான்:
பீகிள்போன் பிளாக் எண்ட சின்னக் கம்ப்யூட்டர் போர்டில, ஈஎம்எம்சி எண்ட உள் ஃப்ளாஷுக்கு ஓஎஸ் ஏத்துறது எப்பிடி எண்டு திருகோணமலைப் பொடியளிட்ட ஒரு குறிப்பு சுத்துது. "எஸ்2 பட்டனை அமத்திப் பிடிங்க, ரீசெட்டை ஒருக்காத் தட்டுங்க, 5 செக்கன் கழிச்சு விடுங்க, மெமரி கார்டில பூட் ஆகும்" எண்டு எழுதியிருக்கு. பச்சைப் பிழை. எஸ்2 இழுக்கிறது சிஸ்பூட் 2 எண்ட கோட்டை, எதில இருந்து பூட் ஆகிறது எண்டு சிப்புக்குச் சொல்ற கோடு அது. போர்டில உள்ள ஏஎம்335எக்ஸ் புரொசசர் சிப் அந்தக் கோட்டைப் பாக்கிறது கரண்ட் ஏறி, பவர்-ஆன் ரீசெட் விடுபடுற அந்தக் கணத்தில மட்டும்தான். எஸ்1 ரீசெட் பட்டன் குடுக்கிறது வார்ம் ரீசெட், கரண்டை வெட்டாமல் திரும்பத் தொடங்குறது. அதில சிஸ்பூட்டைத் திரும்ப வாசிக்காது, முதல் வாசிச்ச கணக்கிலயே ஓடும். நீங்க விரல் நோக அமத்தினாலும் அதுக்குத் தெரியாது.

சரியான முறை இதுதான். கரண்டைக் கழட்டுங்க, கார்டைப் போடுங்க, எஸ்2வை அமத்துங்க, அமத்தினபடியே 5 வோல்ட் குடுங்க, எல்ஈடி எரிஞ்சதும் கையை எடுங்க. அமத்தாட்டி ரொம் (சிப்புக்குள்ளயே இருக்கிற முதல் புரோகிராம்) தேடுற ஒழுங்கு ஈஎம்எம்சி, கார்ட், யூஆர்ட் (சீரியல் கோடு), யூஎஸ்பி. அமத்தினா எஸ்பிஐ (வெளிய பூட்டுற ஃப்ளாஷ் சிப்), கார்ட், யூஎஸ்பி, யூஆர்ட்.

கொட்டியாரம்:
அந்தக் குறிப்பு என்ர. பேரைச் சொல்லியே கதைக்கலாம், ஒளிக்கத் தேவையில்ல. ரீசெட் தட்டினா கார்டிலதான் வருது. உள்ள போய் மவுண்ட் கட்டளை போட்டுப் பாருங்க, ரூட் (ஓஎஸ்ட பிரதான ஃபைல் சிஸ்டம்) கார்டில நிக்கும். கண்ணால காணுறதை விட்டுட்டு மனுவல் பாடமாக்கிக்கொண்டு வந்து நிக்கிறீங்க.

சாம்பல்தீவான்:
ரூட் கார்டில நிக்கிறது வேற, ஓஎஸ்ஸை எழுப்புற பூட்லோடர் கார்டில இருந்து வாறது வேற. ரீசெட் தட்டினா ரொம் ஈஎம்எம்சிக்குத்தான் போகுது. அங்க கிடக்கிற பூட்லோடர் துண்டுகள், எம்எல்ஓவும் யூ-பூட்டும் எழும்புது. அந்த யூ-பூட் முதல்ல கார்டைப் பாக்கும், அதில கெர்னல் (ஓஎஸ்ட மையம்) இருந்தா தூக்கிக்கொண்டு போகும். அதாலதான் உங்களுக்குக் கார்டில வந்தமாதிரித் தெரியுது. எஸ்2வைத் தொடாமல் தட்டினாலும் இதே முடிவுதான் வரும், தட்டிப் பாருங்க.

இன்னும் அத்தாட்சி வேணுமோ? ஃப்ளாஷர் கார்ட் (ஈஎம்எம்சிக்கு ஓஎஸ்ஸைத் தானா ஏத்துற கார்ட்) எழுதி முடிஞ்சு, நாலு எல்ஈடியும் அணைஞ்சு போர்ட் நிண்ட பிறகு, கார்டைக் கழட்டாமல் கரண்ட் குடுங்க. ஒரு பட்டனும் அமத்தாமலே திரும்ப முதல்ல இருந்து எழுதத் தொடங்கும். அதை யார் அமத்தினது?

கிண்ணியா தம்பி:
நானா, ஒரு கேள்வி. ஈஎம்எம்சிக்குள்ள பழைய 3.8 கெர்னல் இமேஜ், கார்டில புது இமேஜ் எண்டா எது ஓடும்?

சாம்பல்தீவான்:
நல்ல கேள்வி தம்பி, அந்தக் குறிப்பு ஆக்களைக் கவிழ்க்கிறதே இந்த இடத்தில. பழைய யூ-பூட், யூஎன்வி எண்ட பூட் அமைப்பு ஃபைலை ஃபாட் பார்ட்டிஷன்ட மேல்மட்டத்தில தேடும். புது இமேஜில அது பூட் ஃபோல்டருக்குள்ள கிடக்கு. பழசு அதைக் காணாது, பேசாமல் ஈஎம்எம்சிக்கே திரும்பிப் போகும். ஆள் என்ன நினைக்கும்? கார்ட் பழுது எண்டு புதுக் கார்ட் வாங்கும். இமேஜ் பிழை எண்டு திரும்ப இறக்கும். பிழை இருக்கிறது "ரீசெட்டைத் தட்டுங்க" எண்ட அந்த ஒரு வரியில.

உவர்மலை:
பட்டனுக்கு ஏன் இவ்வளவு சண்டை? ஈஎம்எம்சிட முதல் 10 எம்பியை டிடி கட்டளை போட்டு சைபராக்கி விடுங்க. எம்எல்ஓ இல்லாட்டி ரொம் தானாவே கார்டுக்கு வரும், எஸ்2வே தேவையில்ல. ஆனா எது ஈஎம்எம்சி எண்டு பாத்துப் போட்டு அழியுங்க. பழைய கெர்னலில கார்ட் இருந்தா ஈஎம்எம்சிக்கு ஒரு நம்பர், இல்லாட்டி வேற நம்பர் எண்டு மாறும். எல்எஸ்பிஎல்கே கட்டளை அடிச்சா பூட்0, பூட்1 எண்டு ரெண்டு குட்டித் துண்டு எதோட ஒட்டியிருக்கோ அதுதான் ஈஎம்எம்சி. கார்டுக்கு அது இருக்காது. ரூட்டையும் நம்பரால குறிக்காமல் யூயூஐடி எண்ட மாறாத அடையாளத்தால குறிங்க.

கொட்டியாரம்:
உவர்மலை சொல்றதும் பட்டன் தேவையில்ல எண்டுதானே. அப்ப என்ர குறிப்பில என்ன குற்றம்?

சாம்பல்தீவான்:
உங்கட குறிப்பு அழிக்கச் சொல்லேல்ல, ரீசெட் தட்டச் சொல்லுது. ரெண்டையும் கலக்காதீங்க. அழிக்கிறதைப் பற்றியும் சொல்றன். கையால திருப்பி எழுதிறதெண்டா எம்எல்ஓ 128 கேபியில, யூ-பூட் 384 கேபியில இருக்க வேணும். டிடியில பிஎஸ் (துண்டின்ட அளவு) 128கே சீக் (தாண்டுற துண்டு) 1, பிறகு பிஎஸ் 384கே சீக் 1. முதல் பார்ட்டிஷனைப் பழைய பழக்கத்தில 63ஆம் செக்டர்ல தொடங்கினா, பூட்லோடர் ஃபைல் சிஸ்டத்துக்கு மேலயே விழும். 4 எம்பியில தொடங்குங்க.

கொட்டியாரம்:
போன முறை ராஸ்பெரி பை கம்ப்யூட் மொடியூல் திரியிலயும் இப்பிடித்தான். கேட்டது ஒண்டு, நீங்க எழுதினது பத்து.

சாம்பல்தீவான்:
அங்கயும் பிழையைத்தான் திருத்தினன். ஈஎம்எம்சி உள்ள கம்ப்யூட் மொடியூல் 4க்கு கார்ட் ஸ்லாட் வேலை செய்யாது, ரெண்டுக்கும் ஒரே பாதை. அதை விளங்காமல் கார்டைக் கழட்டிக் கழட்டிப் போடச் சொன்னது நீங்கள்.

கொட்டியாரம்:
சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. எஸ்3ஐ 8 செக்கன் அமத்தினா போர்ட் நிண்டு திரும்ப வருதே, அதுவும் ரீசெட்தானே? எஸ்2வோட சேர்த்து அமத்தினா கார்டில வரும். நான் எழுதினது சரி.

சாம்பல்தீவான்:
எஸ்3 பவர் பட்டன். பவர் சிப் எல்லாக் கரண்டையும் நிப்பாட்டித் திரும்பக் குடுக்குது, அதால சிஸ்பூட் புதுசா வாசிக்கப்படுது. 8 செக்கன் பிடிச்சு, பவர் எல்ஈடி அணைஞ்சதும் விட்டு, எஸ்2வை அமத்தினபடி எஸ்3ஐத் தட்டினா ஜாக்கைக் கழட்டாமலே வேலை முடியும். இதை எழுதியிருந்தா நான் ஏன் வாறன்? உங்கட படத்தில வட்டம் போட்டிருக்கிறது எஸ்1க்கு. எஸ்1!

உவர்மலை:
இன்னொண்டு. போர்டில பி8 எண்ட பின் வரிசையில 43ஆம் பின்னும் எஸ்2வும் ஒரே கோடு. ரிலே போர்ட் ஏதும் அதைக் கீழ இழுத்துக்கொண்டிருந்தா, ஒவ்வொரு முறை கரண்ட் வரேக்கயும் எஸ்2 அமத்தின கணக்கு. ஈஎம்எம்சியை ரொம் திரும்பியும் பாக்காது. 31ல இருந்து 46 வரை உள்ள பின்களில பூட்டுக்கு முதல் ஒண்டும் ஓட்டக் கூடாது.

கிண்ணியா தம்பி:
எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனா போர்ட் செத்துப் போகுமா நானா?

சாம்பல்தீவான்:
சாகாது. ரொம் சிப்புக்குள்ளயே செதுக்கினது, அதை ஒண்டும் அழிக்கேலாது. ஈஎம்எம்சி அரைகுறையா நிக்கும், அவ்வளவுதான். எஸ்2 அமத்திக் கரண்ட் குடுத்துத் திரும்ப எழுதுங்க. ஆனா கம்ப்யூட்டர் யூஎஸ்பியில எழுதாதீங்க, 500 மில்லி அம்பியர் போதாமல் நடுவில விழும். 5 வோல்ட் 2 அம்பியர் அடப்டர், 2.1 மில்லிமீட்டர் ஜாக், நடு முள் பிளஸ். 12 வோல்ட் ரவுட்டர் அடப்டரும் அதே துளைக்குள்ள போகும், கவனம்.

கொட்டியாரம்:
துறைமுகப் பக்கம் உப்புக் காத்தில ஜாக்கும் கார்ட் ஸ்லாட்டும் பச்சை பிடிக்கும். அதைக் கழட்டிப் பூட்டச் சொல்ற ஆள் எனக்குப் பாடம் எடுக்கிறார். ரீசெட் பட்டன் மூடின பட்டன், அதுக்கு உப்பு ஏறாது.

சாம்பல்தீவான்:
உப்புக்குத்தானே ஓஎஸ்ஸை ஈஎம்எம்சிக்கு மாத்துறது! பற்றவைச்ச சிப், தொடுப்பு கறுக்காது. ரூட்டை வாசிக்க மட்டும் எண்டு வைச்சு, பதிவுகளைக் கார்டில எழுதினா ஃப்ளாஷும் தேயாது. ஆனா உப்பு ஏறினதால எஸ்1 சிஸ்பூட்டை வாசிக்கப் போறதில்ல.

போர்டில ஜே1 எண்ட சீரியல் பின்களில 3.3 வோல்ட் சீரியல் வயரைக் கொழுவுங்க, வேகம் 115200. 1ஆம் பின் கிரவுண்ட், 4 உள்ள, 5 வெளிய. யூ-பூட் எஸ்பிஎல் எண்டு வாற முதல் வரியில வேர்ஷனும் திகதியும் இருக்கு. எஸ்2வை அமத்தினபடி எஸ்1 தட்டி ஒருக்கா, கரண்ட் குடுத்து ஒருக்கா, ரெண்டு வரியையும் இஞ்ச போடுங்க. கார்டில ஒரு வேர்ஷன், ஈஎம்எம்சியில வேற வேர்ஷன் வைச்சிட்டு.

கொட்டியாரம்:
உங்களுக்கு நான் ஏன் போட்டுக் காட்ட வேணும்? குறிப்பைப் பாத்து வேலை முடிச்ச ஆக்கள் இருக்கினம். மாத்தமாட்டன்.

சாம்பல்தீவான்:
வரியைப் போடுங்க. திகதி போதும்.

கிண்ணியா தம்பி:
வயர் கொழுவினா சிசிசிசி எண்டு மட்டும் வருது நானா, வேற ஒண்டும் இல்ல.

உவர்மலை:
ரொம் எங்கயும் எம்எல்ஓவைக் காணாமல் யூஆர்ட்டுக்கு வந்து, எக்ஸ்மொடம் எண்ட முறையில சீரியல் வழியா ஃபைல் வரும் எண்டு காத்திருக்குது. கார்டில பார்ட்டிஷனுக்கு பூட் கொடி (இதில இருந்து பூட் ஆகலாம் எண்ட அடையாளம்) போட்டிருக்கா எண்டு பாருங்க.

கொட்டியாரம்:
ரீசெட்டை ஒருக்காத் தட்டிப் பாரும் தம்பி.

சாம்பல்தீவான்:
தட்டாதயும்!