தலையாட்டும் வள்ளுவர்: தகுமா?

பழைய வாத்தியார்:
நேற்று மயிலாப்பூரில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குப் போயிருந்தேன். சாக்ரடீஸ், மார்க்ஸ், ஐன்ஸ்டைன் வரிசையில் நம் திருவள்ளுவரும் நிற்கிறார். கழுத்தில் ஸ்பிரிங். தட்டினால் தலை ஆடுகிறது. விலை 450 ரூபாய். நஞ்சு குடிக்கும்வரை எதையும் கேள்வி கேட்காமல் விடாத சாக்ரடீஸ், தட்டியவனுக்கெல்லாம் ஆமாம் போடுகிறார்! 'நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம் மண்மாண் புனைபாவை அற்று' என்று கல்லாதவனைப் பொம்மையோடு ஒப்பிட்டவர் வள்ளுவர். அவரையே பொம்மையாக்கிவிட்டார்கள்.

மாடவீதி மைதிலி:
ஐயா, நவராத்திரிக்கு முன்பு வடக்கு மாடவீதியில் காந்தியும் பாரதியும் விவேகானந்தரும் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில்தான் விற்பனைக்கு நிற்கிறார்கள். வாங்கிக் கொலுவில் வைத்துச் சுண்டல் கொடுக்கிறோம். அப்போது வராத கோபம் இப்போது ஏன்? ஸ்பிரிங்தான் குற்றமா?

பழைய வாத்தியார்:
ஆமாம் அம்மா, ஸ்பிரிங்தான். கொலுப் பொம்மை நிற்கிறது, நாம் பார்க்கிறோம். இது நாம் தட்ட ஆடுகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டியைச் சொல்லிவிடாதீர்கள். அவள் நாட்டியக்காரி, ஆடுவது அவள் தொழில்.

கொசப்பேட்டைக்காரன்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மண்பொம்மை செய்கிறோம், ஆகவே அந்தக் குறள் எனக்கும் தெரியும். அதில் திட்டு வாங்குபவன் படிக்காதவன், பொம்மை இல்லை. 'மண்மாண் புனைபாவை' என்று எங்கள் வேலையை அழகு என்றுதானே சொல்லியிருக்கிறார்?
இன்னொன்று. எந்த வள்ளுவரை அவமதித்துவிட்டார்கள்? அவர் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. தாடியும் கொண்டையும் சுவடியுமாக நாம் வணங்கும் உருவம் ஓவியர் வேணுகோபால் சர்மா கற்பனை செய்து வரைந்தது. அது சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது 1964இல். அப்பா காலத்து முகம் ஐயா அது.

பழைய வாத்தியார்:
கற்பனைதான், மறுக்கவில்லை. ஆனால் சர்மா மதித்துக் கற்பனை செய்தார்.

மாடவீதி மைதிலி:
கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த சிலைகளின் தலையில் காக்கை உட்காருகிறது. அதை யார் விரட்டுகிறார்கள்? 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்றதும் வள்ளுவர்தான்.

பழைய வாத்தியார்:
அது வினைத்திட்பம் அதிகாரம் அம்மா. செயலில் உறுதியான மனிதரைப் பற்றியது, ஸ்பிரிங் பொம்மையைப் பற்றியது அல்ல. பத்தாம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் அரை மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

அண்ணாநகர் அச்சுக்கோப்பவன்:
சண்டைக்கு நடுவில் ஒரு செய்தி. 2015இல் ஜெர்மனியில் பிளேமொபில் நிறுவனம் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரைப் பிளாஸ்டிக் பொம்மையாக்கியது. முதல் 34,000 மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. கையில் இறகுப் பேனா, திறந்த பைபிள். அந்தப் பைபிளின் ஒரு பக்கத்தில் 'பழைய ஏற்பாட்டு நூல்கள், முடிவு' என்று அச்சடித்திருந்தார்கள். பழைய ஏற்பாடு யூதர்களுக்கும் வேதம். அந்த யூதர்களைக் கடுமையாகத் திட்டி எழுதியவர் லூதர். அவர் கையில் 'முடிவு' என்ற சொல் இருந்தால், யூதர்களின் வேதம் முடிந்துவிட்டது என்று அவர் அறிவிப்பது போல் ஆகாதா என்று எதிர்ப்பு வந்தது. பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். நகத்தளவு காகிதம், ஒரே ஒரு சொல்! என்னைக் கேட்டால் ஸ்பிரிங்கைவிட எழுத்துத்தான் ஆபத்து.

பழைய வாத்தியார்:
பார்த்தீர்களா? சிந்தனையைச் சுருக்கினால் இதுதான் கதி.

மாடவீதி மைதிலி:
சுருக்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது. சாக்ரடீஸைப் பொம்மையோடு முதலில் ஒப்பிட்டது இந்தக் கடைக்காரர் இல்லை. அவர் சீடர் பிளேட்டோ எழுதிய 'விருந்து' என்ற உரையாடலில் ஏதென்ஸ்காரன் அல்கிபியாடிஸ் குடித்துவிட்டு வந்து சொல்கிறான்: சிற்பிகளின் கடையில் குழலோடு உட்கார்ந்திருக்கும் சைலீனஸ் என்ற கிரேக்கப் புராணக் கிழவனின் பொம்மை போன்றவர் இவர், வெளியே அவலட்சணம், திறந்தால் உள்ளே தெய்வ உருவங்கள் என்று. சாக்ரடீஸ் அங்கேயேதான் இருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

பழைய வாத்தியார்:
நல்ல உவமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொம்மையைத் திறக்கலாம். கடையில் இருப்பதைத் திறந்தால் ஸ்பிரிங்தான் இருக்கும்.

கொசப்பேட்டைக்காரன்:
சரி ஐயா, கழுத்து அசையாத மண் வள்ளுவர் ஒன்று நானே செய்து தருகிறேன். வாங்குவீர்களா?

பழைய வாத்தியார்:
கையில் சுவடி இருக்குமா?

கொசப்பேட்டைக்காரன்:
இருக்கும். ஆனால் எழுத்துப் போடமாட்டேன். லூதர் கதையைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.