ஹெய்ட்டி அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தது யார்?

பொன்னிக்கரை:
நேற்று ஒரு யூடியூப் பேச்சாளர், ஹெய்ட்டிப் புரட்சி பிரெஞ்சுப் புரட்சி என்னும் பாரிஸ் தீயிலிருந்து பறந்த பொறி என்றும், அடிமைகளுக்கு விடுதலை கொடுத்ததே பிரெஞ்சுக் குடியரசுதான் என்றும் பேசியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். வயிறு எரிகிறது. அன்று பிரான்ஸின் காலனியாக இருந்த ஹெய்ட்டியில் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள். கரும்பாலையில் உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு வெட்டரிவாள் தயாராக இருக்கும். கரும்பைத் தள்ளுகிறவளின் விரல் சிக்கினால், உடம்பு உள்ளே போவதற்குள் கையை வெட்டுவதற்கு. அந்தக் கைகள்தான் 1791 ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளியைக் கொளுத்தின. பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது 1794 பிப்ரவரி 4. இரண்டரை வருஷம் கழித்து!

பழைய வாத்தியார்:
தம்பி, கோபம் இருக்கட்டும். வடக்கு மாகாணத்தில் விடுதலையை அறிவித்தது 1793 ஆகஸ்ட் 29. அறிவித்தவர் சோந்தோனா. அவர் பிரெஞ்சுக்காரர், பாரிஸ் அனுப்பிய ஆணையர். அவரை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

பொன்னிக்கரை:
விழுங்கவில்லை ஐயா. அவர் கையில் படையே இல்லை. ஜூனில் வடக்கின் பெரிய துறைமுகமான லெ காப் நகரம் எரிந்து சாம்பல். கிழக்கே ஸ்பானியப் படை, கடல் பக்கம் ஆங்கிலேயர் பயம். எங்களோடு சேர்ந்து சண்டையிட்டால் விடுதலை என்று அடிமைகளிடம் இறங்கி வந்தவர் அவர். வேறு வழியில்லாமல் திறந்த கதவுக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா?

பழைய வாத்தியார்:
எந்த நெருக்கடியில் போட்டாலும் கையெழுத்து சோந்தோனாவுடையது. சோந்தோனா பிரெஞ்சுக்காரர்.

வானவில்மதி:
ரெண்டு பேரும் வின்சென்ட் ஓஜேவை மறந்துட்டீங்க. 1790லயே காலனி ஆட்சியை எதிர்த்து எழுந்தவர். 1791 பிப்ரவரியில சக்கரத்துல கட்டி எலும்பை உடைச்சுக் கொன்னாங்க.

பொன்னிக்கரை:
ஓஜே கேட்டது சொத்துள்ள கலப்பினத்தாருக்கு ஓட்டுரிமை. அடிமைகளின் விடுதலையை அல்ல. தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

வானவில்மதி:
உங்களுக்கு மட்டும்தான் படிக்கத் தெரியுமா? வியட்நாம் விவாதத்துலயும் இதே மாதிரிதான் என்னை விரட்டுனீங்க.

காரைக்கால் கடலோடி:
எங்க பக்கத்துக் கதையையும் சேருங்க. புதுச்சேரிக் கடற்கரையில நெசவான துணி பிரான்ஸுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுல அடிமைகளுக்கு விலையாப் போச்சு. ஹெய்ட்டி ஜெயிச்சு விடுதலை வாங்கின பிறகும் பிரெஞ்சுக்காரங்க விட்டாங்களா? 1825ல போர்க்கப்பல்களை நிறுத்திட்டு, தோட்டத்தை இழந்த பிரெஞ்சு முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கொடுன்னு மிரட்டுனாங்க. இழந்த சொத்துக் கணக்குல அடிமையா இருந்த மனுஷங்களும் அடக்கம்!

பழைய வாத்தியார்:
15 கோடி அப்படியே நிற்கவில்லை. 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள்.

காரைக்கால் கடலோடி:
குறைச்சது உங்களுக்குப் பெருந்தன்மையாத் தெரியுதா சார்? முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிக்காரங்ககிட்ட கடன் வாங்க வச்சாங்க. கடனுக்கு வட்டி வேற. காபி ஏத்துமதி வரியெல்லாம் அதுலயே போச்சு.

பழைய வாத்தியார்:
பெருந்தன்மை என்று நான் எங்கே எழுதினேன்? 9 கோடி என்றேன். சோந்தோனா பிரெஞ்சுக்காரர் என்றேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

பொன்னிக்கரை:
பதில் இதோ. அதே 1793 ஆகஸ்ட் 29, அதே நாளில், அடிமையாகப் பிறந்து தளபதியான துசேன் லூவெர்த்தூரும் தம் மக்களுக்கு விடுதலை, சமத்துவம் என்று அறைகூவல் விட்டார். அப்போது அவர் பிரான்ஸின் எதிரியான ஸ்பெயினின் படையில் இருந்தார். சோந்தோனா கையெழுத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. கொடுத்ததாகச் சொல்கிறீர்களே, அதே பிரான்ஸ் 1802இல் அடிமை முறையைச் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. துசேனை வஞ்சகமாகப் பிடித்து, ஜூரா மலைக் கோட்டையில் குளிரில் சாகவிட்டது. 1803 நவம்பரில் வெர்த்தியேரில் துசேனின் தளபதியாக இருந்த தெசாலினின் படை நெப்போலியனின் படையை முறித்த பிறகுதான் ஹெய்ட்டியின் சுதந்திர நாளான 1804 ஜனவரி 1 வந்தது. பிறகு தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாருக்குத் துப்பாக்கியும் கப்பலும் கொடுத்த ஹெய்ட்டி அதிபர் பெத்தியோன் கேட்ட விலை, உங்கள் நாட்டு அடிமைகளை விடுவியுங்கள் என்பது. தென் அமெரிக்கா வரை போன நெருப்பு இது. பாரிஸ் பொறியாம்!

பழைய வாத்தியார்:
1804இல் தெசாலின் கட்டளையில் பிரெஞ்சுக் குடும்பங்களைக் குழந்தைகளோடு வெட்டியதையும் எழுதுங்கள்.

பொன்னிக்கரை:
எழுதுவேன். அதற்கு முன்னால் நூறாண்டு எழுதியாக வேண்டும். 1685இல் தப்பியோடிய அடிமையின் காதை அறுக்கச் சொன்ன பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து தொடங்குவேன். அதற்குத் தயாரா?

வானவில்மதி:
ஓஜே பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

பழைய வாத்தியார்:
சோந்தோனா பற்றியும்தான்.